இரத்மலானையில் தமிழ் ஏன் கேட்டுப் பெறவேண்டிய உரிமையாகிறது?

வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசை, இரத்மலானை ஆகிய இடங்கள் காலி வீதியில் ஒன்றையடுத்து ஒன்றாக அமைந்திருப்பதால், அவற்றுக்கிடையே ஓர் எல்லை இருப்பதாகப் பயணிகளுக்குத் தோன்றுவதில்லை. ஆயினும் பிறப்புச் சான்றிதழ் பெறவோ, அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கவோ அரச அலுவலகத்திற்குச் செல்லும் தமிழருக்கு அந்த எல்லை மிகத் தெளிவானது. வெள்ளவத்தை திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகப் பிரிவிலும், கொட்டாஞ்சேனை கொழும்பு பிரதேச செயலகப் பிரிவிலும் அடங்குகின்றன. இவ்விரு பிரிவுகளும் 2012ஆம் ஆண்டின் வர்த்தமானி அறிவித்தல் மூலம் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டவை. தனியொரு பிரதேச செயலகத்தைக் கொண்ட இரத்மலானை அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை.

இந்த வேறுபாட்டின் பொருளை அறிய, சட்டம் கையாளும் இரு சொற்களைப் பிரித்துணர வேண்டும். ‘அரசகரும மொழி’ என்பது அரசு தன் மொழியென ஏற்றுக்கொண்ட மொழி. ‘நிர்வாக மொழி’ என்பது குறிப்பிட்ட பகுதியிலுள்ள அலுவலகங்கள் பதிவேடுகளைப் பேணுவதற்கும் அன்றாட அலுவல்களை நடத்துவதற்கும் பயன்படுத்தும் மொழி. 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டுமே அரசகரும மொழியாக்கியது. 1958ஆம் ஆண்டின் தமிழ்மொழி (விசேட ஏற்பாடுகள்) சட்டம் தமிழின் பயன்பாட்டிற்குச் சில இடங்களை ஒதுக்கியதேயன்றி, அதன் தகுதியை உயர்த்தவில்லை. இந்திய – இலங்கை உடன்படிக்கையைத் தொடர்ந்து 1987 நவம்பரில் நிறைவேறிய 13ஆவது திருத்தமே தமிழும் ஓர் அரசகரும மொழி என்று கூறியது. எந்த இடத்தில் எந்த மொழி நிர்வாக மொழி என்பதை 1988 டிசம்பரில் வந்த 16ஆவது திருத்தம் வகுத்தது.

அதன்படி வடக்கிலும் கிழக்கிலும் தமிழும், மேல் மாகாணம் உட்பட ஏனைய மாகாணங்களில் சிங்களமும் பதிவேடுகளின் மொழிகளாகும். ஒரு பிரதேச செயலகப் பிரிவில் வாழும் மொழிச் சிறுபான்மையினரின் விகிதத்தைக் கருத்திற்கொண்டு, அங்கு இரு மொழிகளும் பயன்படுத்தப்பட வேண்டுமெனப் பணிக்கும் அதிகாரம் அரசியலமைப்பின் 22(1)ஆம் உறுப்புரையில் சனாதிபதிக்கு வழங்கப்பட்டுள்ளது. வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் கிடைத்தது இந்த ஏற்பாட்டின் பயனே.

எனினும் இரத்மலானைத் தமிழருக்கு உரிமையே இல்லை என்று கொள்வது தவறாகும். சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதிகளிலும் ஒருவர் தமிழிலோ ஆங்கிலத்திலோ அலுவலரோடு தொடர்புகொள்ளலாம் என்றும், அதே மொழியில் பதிலைப் பெறலாம் என்றும், தமக்கு வழங்கப்படும் ஆவணத்தையோ அதன் மொழிபெயர்ப்பையோ அம்மொழியில் பெறலாம் என்றும் 22(2)ஆம் உறுப்புரை கூறுகிறது. வேறுபாடு பொறுப்பு யாரைச் சார்கிறது என்பதில்தான் உள்ளது. இருமொழிப் பிரிவில் தமிழில் பதிவேடு பேணுவது அலுவலகத்தின் கடமை. இரத்மலானையிலோ தமிழில் தரும்படி கேட்பது பொதுமகனின் வேலை. கேட்பதற்குச் சட்டம் தெரிந்திருக்க வேண்டும், காத்திருக்க நேரம் இருக்க வேண்டும், அலுவலரின் முகக்குறிப்பைப் பொருட்படுத்தாத துணிவும் வேண்டும்.

இவை எல்லோரிடமும் சமமாக இருப்பதில்லை. ஆங்கிலம் அறிந்த உத்தியோகத்தரும் வர்த்தகரும் அம்மொழியிலேயே படிவத்தை நிரப்பிவிட்டு வெளியேறுவதால், சட்டத்தின் குறையை அவர்கள் அதிகம் உணர்வதில்லை. மலையகத்திலிருந்து வீட்டு வேலைக்கோ கடை வேலைக்கோ வந்தவர்களும், தமிழ் மட்டுமே தெரிந்த முதியோரும்தான் படிவம் நிரப்பித் தருபவரையும் சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளரையும் நாடிக் கட்டணம் செலுத்துகின்றனர். இவ்வாறு மொழிக் கொள்கையின் சுமை வர்க்க வேறுபாட்டின் வழியே கீழிறங்குகிறது. வெள்ளவத்தையின் வாடகை கட்டுப்படியாகாமல் தெற்கே நகரும் குடும்பம், தான் ஒரு நிர்வாக மொழி எல்லையையும் கடப்பதை அறிவதில்லை. கொழும்பு இந்துக் கல்லூரி போன்ற தமிழ்மொழிக் கல்வி நிறுவனம் இரத்மலானையில் இயங்குகின்ற போதிலும், அங்கு பிள்ளையைச் சேர்ப்பதற்கான பிறப்புச் சான்றிதழ் சிங்களத்தில் இருப்பது சாத்தியமே.

ஆவணத்தின் மொழி பெயர்களையும் மாற்றிவிடுகிறது. தமிழின் ழகரத்திற்கு ஈடான எழுத்து சிங்களத்தில் இல்லாமையால் ‘யாழினி’ என்ற பெயர் முதலில் சிங்கள ஒலிப்பிற்கேற்ப எழுதப்பட்டு, அதிலிருந்து ஆங்கிலத்திற்குச் செல்லும்போது ‘யாலினி’ ஆகலாம். பின்னர் பாடசாலைச் சான்றிதழிலும் கடவுச்சீட்டிலும் வெவ்வேறு எழுத்துக்கூட்டல்கள் அமைந்துவிட்டால், இருவரும் ஒருவரே என நிறுவுவதற்குச் சத்தியக் கடதாசி தேவைப்படுகிறது. பொலிஸ் நிலையத்தில் நிலைமை இதனிலும் கடுமையானது. தமக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில் முறைப்பாட்டாளர் கையொப்பமிட நேர்கிறது. இதனாலேயே கற்றுக்கொண்ட பாடங்களும் நல்லிணக்க ஆணைக்குழு தனது 2011ஆம் ஆண்டு அறிக்கையில், பொலிஸ் நிலையங்களில் இருமொழி அலுவலர்கள் 24 மணிநேரமும் இருக்க வேண்டுமெனப் பரிந்துரைத்தது.

சட்டத்திற்கும் நடைமுறைக்கும் இடையிலான இடைவெளிக்கு முதன்மைக் காரணம் ஆளணியாகும். 2007 ஜூலை 1 முதல் சேவையில் சேரும் அரச ஊழியர் ஐந்து ஆண்டுகளுக்குள் மற்றைய அரசகரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டுமென அவ்வாண்டின் 7ஆம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை விதித்தது. பரீட்சையில் சித்தியடைவது வேறு, கருமபீடத்தில் நிற்பவரோடு சரளமாக உரையாடுவது வேறு என்பதால், இருமொழிப் பிரிவுகளிலும் பிரகடனம் மட்டும் போதுமானதாக அமையவில்லை.

தமிழில் சேவை மறுக்கப்படுவோர், 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட, இராஜகிரியவில் இயங்கும் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவிடம் முறைப்பாடு செய்யலாம். மொழி அடிப்படையிலான பாரபட்சம் அடிப்படை உரிமை மீறல் என்ற வகையில் உயர் நீதிமன்றத்தையும் நாடலாம், ஆனால் அதற்கு ஒரு மாத காலமே உண்டு. இவையும் கேட்பவருக்கே திறக்கும் கதவுகள் என்பதை மறுக்க இயலாது. இரத்மலானையை இருமொழிப் பிரிவாக்க அரசியலமைப்புத் திருத்தம் எதுவும் தேவையில்லை. ஒரு வர்த்தமானி அறிவித்தலும், அதனை நடைமுறைப்படுத்தத் தமிழில் எழுதவும் பேசவும் வல்ல உத்தியோகத்தர் சிலருமே தேவை.