தரைவிரிப்பைத் தேர்ந்தெடுக்கும் முன்

எங்கள் நுரையீரல் மருத்துவப் பிரிவுக்கு வரும் ஆஸ்துமா நோயாளிகளிடம் நாங்கள் தவறாமல் கேட்கும் வினா ஒன்று உண்டு: "படுக்கையறைத் தரையில் என்ன விரித்திருக்கிறீர்கள்?"

சில மாதங்களுக்கு முன் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனை அவன் பாட்டி அழைத்து வந்தார். புதுமனை புகுந்த நாள்முதல் விடியற்காலைதோறும் இருமலும் இளைப்பும். படுக்கையறை முழுவதும் ஒட்டப்பட்ட தடித்த கம்பளம். வெறுந்தரையில் விளையாடினால் பேரனுக்குச் சளி பிடிக்குமென்று அஞ்சி, பாட்டியே அதைப் போடச் சொன்னாராம். சளியைத் தருவது நுண்கிருமி, தரையன்று.

வீட்டுத் தூசியில் வாழும் தூசி உண்ணிகள் கண்ணுக்குப் புலப்படாதவை. நம் உடலிலிருந்து உதிரும் தோல் செதில்களே அவற்றின் உணவு. அவை கடிப்பதில்லை, அவற்றின் கழிவிலுள்ள புரதமே ஒவ்வாமையைத் தூண்டுகிறது. ஈரக்காற்றில் அவை செழிக்கும். நம் கடலோர ஊர்களில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. மெத்தையும் தலையணையும் அவற்றின் முதன்மை உறைவிடங்கள்; தடித்த கம்பளமும் அவ்வாறே. ஆஸ்துமா உள்ள அனைவருக்கும் இவ்வொவ்வாமை இருப்பதில்லை. தோல் பரிசோதனையால் இதனை அறியலாம்.

எதைத் தேர்வது?

ஒவ்வாமை உள்ளவரின் படுக்கையறைக்குத் துடைக்கத்தக்க வெறுந்தரையே சிறந்தது. விரிப்பு வேண்டுமெனில், துவைக்கக்கூடிய சிறிய பருத்தி ஜமுக்காளம் ஏற்றது. பவானியில் நெய்யப்படும் தட்டையான ஜமுக்காளத்தில், நீண்ட இழைக் கம்பளத்தைப் போலத் தூசி ஆழத்தில் தங்குவதில்லை. கோரைப்பாயைத் துடைப்பது எளிது. ஆனால் ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். தேங்காய் நார் மிதியடி வாசலுக்கு வெளியே இருக்கட்டும்.

ஒட்டிய கம்பளத்தை அகற்ற இயலாத வாடகை வீடெனில், ஹெப்பா வடிகட்டி பொருத்திய வேக்குவம் கிளீனரால் வாரந்தோறும் தூய்மை செய்யுங்கள். அவ்வேளையில் நோயாளி அவ்வறையில் இருத்தலாகாது. படுக்கை விரிப்புகளையும் தலையணை உறைகளையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் துவைத்தால் உண்ணிகள் மடியும்.

முதியோர் உள்ள இல்லங்களில்

முதியோர் உள்ள வீட்டில் கவலை வேறு. நழுவும் விரிப்பும் மடிந்த ஓரமும் அவர்களைத் தடுக்கி விழச் செய்யும். இடுப்பெலும்பு முறிந்தால், முன்போல் நடமாட முடியாது போவோர் பலர். பக்கவாதம், பார்க்கின்சன் நோய் உடையோருக்கு இடர் இன்னும் மிகுதி. படுக்கையிலிருந்து கழிவறை வரையிலான வழியில் எதையும் விரிக்காதீர்கள். இரவு விளக்கு எரியட்டும். பிற இடங்களில் அடியில் ரப்பர் பிடிமானம் உள்ள, ஓரம் சுருளாத விரிப்பையே பயன்படுத்துங்கள்.

அச்சிறுவனின் அறையிலிருந்து கம்பளம் அகற்றப்பட்டது. மருத்துவர் கூறியபடி இன்ஹேலரையும் அவன் நாள்தோறும் எடுத்துவந்தான். அடுத்த முறை வந்தபோது, இரவில் விழிப்பது வெகுவாகக் குறைந்திருந்தது. இதற்குக் கம்பளத்தை அகற்றியது மட்டுமே காரணமென நாங்கள் கூற மாட்டோம். விரிப்பை மாற்றிவிட்டோமென்று எவரும் மருந்தை நிறுத்தலாகாது.

"என்னால்தானே பிள்ளைக்கு இப்படியாயிற்று?" என்று பாட்டி கலங்கினார். அன்பினால் செய்தது குற்றமாகாது என்றோம். அவர் கையில் ஊன்றுகோல் இருப்பதைக் கண்டு, அவர் நடக்கும் வழியில் புதிய ஜமுக்காளத்தை விரிக்க வேண்டாமென்றும் சொல்லி அனுப்பினோம்.