குழந்தைகளோடு ஒரு நெடும் பிரயாணம்

கோடை விடுமுறை நெருங்கியதும் சாங்வியிலுள்ள தமிழ்க் குடும்பங்களில் ஒரே பேச்சுத்தான். ரயிலில் இடம் கிடைத்ததா, இல்லையா? முளா, பவனா ஆகிய இரண்டு ஆறுகளுக்கு இடையே, புனே நகரின் வடமேற்கு ஓரத்தில் இருக்கும் இவ்வூரிலிருந்து மதுரைக்குச் சாலைவழித் தொலைவு சுமார் 1,250 கிலோமீட்டர். ரயிலில் இடம் அகப்படாதவர்களும், சாமான் மிகுந்தவர்களும் இப்பொழுது சொந்தக் காரிலோ வாடகை வேனிலோ புறப்பட்டு விடுகின்றனர். பெரியவர்கள் மட்டும் போவதானால் இதில் சொல்ல அதிகமில்லை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளும் உடன் வருகையில்தான் சில செய்திகளை அறிந்திருத்தல் அவசியமாகிறது.

நாம் முதன்முறை செய்த பிழையை முதலில் கூறி விடுவோம். குழந்தைகள் உறங்கிக்கொண்டே வருவார்கள் என்று எண்ணி, இரவு பத்து மணிக்குப் புறப்பட்டோம். குழந்தைகள் உறங்கத்தான் செய்தார்கள். ஆனால் விடியற்காலை மூன்று மணியளவில், கராடைத் தாண்டியதும், வண்டி ஓட்டியவரின் கண்ணும் செருகிற்று. சாலையோரத்துச் சரளையில் சக்கரம் ஏறிய ஓசை கேட்டே விழித்தார். இரவு இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை மனித உடல் இயல்பாகவே உறக்கத்தை நாடும் வேளை. எத்தனை தேநீர் அருந்தினாலும் அதை முற்றிலும் வெல்ல முடியாது. அன்று முதல், விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டு, மாலை விளக்கேற்றும் நேரத்திற்குள் தங்குமிடம் சேர்வது என்ற வழக்கத்தை மேற்கொண்டோம்.

ஒரு நாளில் 450 கிலோமீட்டருக்கு மேல் போகாதிருப்பது நல்லது. சாங்வியிலிருந்து ஹூப்ளி ஏறத்தாழ 430 கிலோமீட்டர். அங்கே முதல் இரவு. மறுநாள் சித்ரதுர்க்கா, தும்கூர், பெங்களூர் வழியே ஓசூரில் இரண்டாம் இரவு. மூன்றாம் நாள் சேலம், கரூர், திண்டுக்கல் கடந்து மதுரை. கைக்குழந்தை உள்ளவர்கள் முதல் இரவைக் கோலாப்பூரிலேயே கழித்து, நான்கு நாளாகச் செல்லலாம். 'ஒரு நாள் விடுப்பு வீணாகிறதே' என்று சிலர் முணுமுணுப்பார்கள். அந்த ஒரு நாளைக் கஞ்சத்தனம் செய்தால், ஊர் சேர்ந்தபின் காய்ச்சலும் அழுகையுமாக இரண்டு நாள் போய்விடுகிறது என்பது நமது அனுபவம்.

குழந்தையைப் பாட்டியின் மடியில் வைத்துக்கொண்டு போவதே நம்மவர் பழக்கம். அன்புக்கு அது அழகுதான், பாதுகாப்புக்கு ஏற்றதன்று. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி எதன்மீதேனும் மோதிப் பத்தில் ஒரு நொடியில் நின்றுவிட்டால், 10 கிலோ எடையுள்ள குழந்தை சுமார் 140 கிலோ பாரத்தின் விசையோடு முன்னே பாயும். அதைத் தடுத்து நிறுத்த எந்தக் கைக்கு வலிமை உண்டு? மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தப்படி, பதினான்கு வயது நிரம்பாத குழந்தை இருக்கை வார் அணியாமலோ, குழந்தைக்குரிய இருக்கையில் பிணைக்கப்படாமலோ பயணம் செய்தால் 1,000 ரூபாய் அபராதம். சிறு குழந்தையின் இருக்கையைப் பின்வரிசையில், வண்டியின் பின்புறம் நோக்கியவாறு பொருத்த வேண்டும். காற்றுப்பை உள்ள முன்னிருக்கையில் அதை வைத்தல் பெரும் அபாயம்.

இனி, வாந்தியைப் பற்றி. உட்செவி 'அசைகிறோம்' என்கிறது. பொம்மைப் புத்தகத்திலோ கைபேசியிலோ பதிந்த கண் 'அசையவில்லை' என்கிறது. இந்த முரண்பாடே குமட்டலுக்குக் காரணம். இரண்டு வயது முதல் பன்னிரண்டு வயது வரை இத்தொல்லை மிகுதி. புறப்படுமுன் பூரியும் கிழங்கும் வயிறாரத் தின்ற நம் மூத்த குழந்தை, கம்பாட்கி மலைப்பாதையின் மூன்றாவது வளைவைக் கூடக் காணவில்லை! அன்றுமுதல் காலை உணவு இரண்டு இட்லியோடு சரி. கண்ணை வெளியே, தூரத்தில் செலுத்தப் பழக்க வேண்டும். குழந்தை இருக்கை உயரமாக இருப்பதால் ஜன்னல் வழியே வெளியே பார்க்கவும் முடிகிறது.

பார்ப்பதற்கு இவ்வழியில் பஞ்சமே இல்லை. கிருஷ்ணா, பஞ்சகங்கா, மலப்பிரபா, துங்கபத்திரா, வேதவதி என்று ஆறுகளை எண்ணிக்கொண்டே போய்ப் பரமத்தி வேலூரில் காவிரியில் முடிப்பது நம் வீட்டுக் குழந்தைகளின் விளையாட்டு. சித்ரதுர்க்காவில் இரண்டு மணி நேரம் இறங்குங்கள். ஐதர் அலியின் வீரர்கள் நுழைய முயன்றதாகச் சொல்லப்படும் பாறை இடுக்கையும், அவர்களை உலக்கையால் அடித்து வீழ்த்திய ஓபவ்வையின் கதையையும் கேட்ட குழந்தை, அன்று மாலை வரை வேறொன்றும் கேட்காது. நிப்பாணியில் பெயர்ப் பலகைகளின் எழுத்து நாகரியிலிருந்து கன்னடமாக மாறும். அத்திப்பள்ளி தாண்டித் தமிழாகும். பள்ளியில் மராத்தி மட்டுமே படிக்கும் நம் குழந்தை, வீட்டில் கற்ற எழுத்தைக் கொண்டு 'ஓ-சூ-ர்' என்று கூட்டி வாசித்தபோது, வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னோம்.

திரைப்பட நடிகர்களின் ஓய்வு வண்டியாக நாம் அறிந்த கேரவன், இப்போது குடும்பங்களுக்கும் வாடகைக்குக் கிடைக்கிறது. கேரவன் சுற்றுலாவுக்கென மகாராஷ்டிர அரசு 2021இல் ஒரு கொள்கையே வகுத்தது. கட்டிலும் கழிப்பறையும் இருப்பது குழந்தைகளுக்குப் பெரிய சௌகரியம். ஆயினும் வண்டி ஓடும்போது ஒருவரும் கட்டிலில் படுக்கலாகாது. அடுப்பு வாயுச் சிலிண்டரை மூடிவிட வேண்டும். நிறுத்திய வண்டியில் ஜெனரேட்டரை ஓட்டிக் குளிர்சாதனத்தோடு உறங்குவது எல்லாவற்றிலும் கொடியது. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், அவ்வாறு உறங்கிய இருவர், உள்ளே கசிந்த கார்பன் மோனாக்சைடு வாயுவால் மாண்டனர். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. இரவில் விடுதி அறையில் தங்குவதே மேல் என்பது நமது கருத்து.

கோடையில் இரண்டு மணிக்கு ஒருமுறை நிறுத்தி, குழந்தைகளை நிழலில் ஓடவிடுங்கள். 'ஒரு நிமிஷந்தானே' என்று பூட்டிய வண்டியில் குழந்தையை விட்டுச் செல்லவே கூடாது. வெயிலில் பத்தே நிமிடத்தில் உள்ளே வெப்பம் சுமார் 10 டிகிரி ஏறிவிடும். வயிற்றுப்போக்குக் கண்டால் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கைவசம் இருக்க வேண்டும். இல்லாவிடில், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து, சிறிது சிறிதாகப் புகட்டலாம். ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்குத் தாய்ப்பாலைத் தொடர்ந்து கொடுத்துக்கொண்டே, தாமதமின்றி மருத்துவரிடம் காட்டுங்கள். நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033, எந்த அவசரத்திற்கும் 112. இவ்விரு எண்களையும் கைபேசியில் மட்டுமன்றி, ஒரு காகிதத்திலும் எழுதி வண்டியில் ஒட்டி வையுங்கள்.

ஊர் சேர்ந்த அன்றே அத்தை வீடு, மாமா வீடு, குலதெய்வம் கோயில் என்று கிளம்பிவிட வேண்டாம். ஒரு பகல் முழுதும் குழந்தைகள் திண்ணையில் உருண்டு கிடக்கட்டும். உறவினரிடம் இதை முன்கூட்டியே கடிதத்திலோ தொலைபேசியிலோ சொல்லிவிட்டால், மனத்தாங்கலுக்கு இடமிராது.