கப்பலில் இரண்டு இரவுகள்

கடற்பயணம் என்றால் நம் தமிழ்நாட்டில் நெடுங்காலம் பிழைப்பு என்றே பொருள். 1926ஆம் ஆண்டில் கட்டப்பெற்ற 'ரஜுலா' என்னும் கப்பல் ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் நம் மக்களைப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஏற்றிச் சென்றது. அதன்பின் வந்த 'சிதம்பரம்' கப்பலில் 1985 பிப்ரவரியில் தீப்பற்றிப் பலர் உயிரிழந்தனர். அத்துடன் அந்தப் பயணிகள் கப்பல் வழியும் முடிவுற்றது. அக்கப்பல்களில் ஏறியவர் எவரும் காற்று வாங்குவதற்காக ஏறவில்லை. கடன் தீர்க்கவும், தோட்டத்தில் உழைக்கவும், பிரிந்த கணவனைக் காணவும் ஏறினார்கள்.

உல்லாசத்துக்காகவே கப்பலேறுவது நமக்குப் புதிது. 2022 ஜூன் 4ஆம் நாள் சென்னைத் துறைமுகத்திலிருந்து 'எம்ப்ரஸ்' என்னும் கப்பலின் உல்லாசப் பயணம் தொடங்கி வைக்கப்பெற்றது. இக்கப்பல் 1990இல் பிரான்சு நாட்டில் கட்டப்பட்டு, மேலைக் கடல்களில் முப்பது ஆண்டுகள் ஓடிய பின் நம் நாட்டிற்கு வந்தது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் பம்பாய்ப் பக்கத்து அரபிக்கடல் கொந்தளிப்பதனால், அம்மாதங்களில் இத்தகைய கப்பல் கிழக்குக் கரைக்கு வருவது பொருத்தமே. சென்னையில் புறப்பட்டு, இரண்டு இரவுகள் ஆழ்கடலில் உலவி, மீண்டும் சென்னைக்கே திரும்பும் பயணம் ஒன்றும் அவ்வாண்டு இருந்தது. அதில் நாங்கள் ஐவர் சென்றோம்.

நான் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடைப்பட்ட ஓர் ஊரில் வாழ்பவன். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கிய நாள் முதல் எங்கள் ஏரிக்கரைச் சாலைகள் தொழிற்சாலைச் சாலைகளாக மாறிவந்ததைக் கண்ணால் கண்டவன். இங்கு உருவாகும் கார்கள் நீண்ட டிரெய்லர் லாரிகளில் ஏறிச் சென்னைத் துறைமுகத்துக்கும் எண்ணூர்த் துறைமுகத்துக்கும் நாள்தோறும் போகின்றன. "தாத்தா, அப்பா செய்கிற கார் எல்லாம் கப்பலில் போகிறது, அப்பா மட்டும் ஏன் போகவில்லை?" என்று ஏழாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி ஒருநாள் கேட்டாள். என் மகன் ஒரு கார்த் தொழிற்சாலையில் மேற்பார்வையாளன். ஜூலை மாதத்தில் அவனுக்கு நான்கு நாள் விடுமுறை கிடைத்தது. அவனும் மருமகளும் பேத்தியும், நானும் என் மனைவியும் புறப்பட்டோம்.

கப்பலைக் காணுமுன் கரையைப் பற்றிச் சில சொற்கள். காரை விட்டிறங்கி, சோதனைகளை முடித்து, ஒரு பாலத்தின் வழியே நடந்து கப்பலுக்குள் புகுந்தோம். கால் நனையவில்லை. சென்னைக் கரை இயற்கைத் துறைமுகம் அன்று. அலைகள் நேரே வந்து மோதும் திறந்த கடற்கரை அது. பழங்காலத்தில் கப்பல்கள் தொலைவிலேயே நங்கூரமிட்டு நிற்க, மக்களும் மூட்டைகளும் மசூலாப் படகில் ஏறி அலைகளைக் கடந்தே கரை சேர்ந்தனர். மசூலாப் படகில் ஆணி கிடையாது. பலகைகளைத் தேங்காய்நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை அறையும்போது ஆணி அடித்த படகு பிளந்துபோகும், தைத்த படகு வளைந்து கொடுக்கும். 1881இல், கட்டிமுடியும் தறுவாயிலிருந்த துறைமுகச் சுவர்களைப் புயல் ஒன்று உடைத்தெறிந்தது. பின்னர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்னும் பொறியியலர் காலத்தில் துறைமுக வாயில் கிழக்கிலிருந்து வடகிழக்குக்கு மாற்றப்பட்டது. இன்று நாம் கால் நனையாமல் ஏறுவதற்கு அவ்வளவு வரலாறு பின்னே நிற்கிறது.

உள்ளே சென்றதும் பேத்தி கேட்ட முதற் கேள்வி, "இதன் எடை என்ன?" என்பதாகும். ஏறக்குறைய 48,500 டன் என்று குறிப்பேட்டில் இருந்தது. ஆனால் அது எடை அன்று! கப்பலுக்குக் கூறப்படும் மொத்த டன் என்பது அதன் உட்புறக் கொள்ளளவைக் குறிப்பது. பழைய ஐரோப்பியத் துறைமுகங்களில் ஒரு கப்பல் எத்தனை மதுப்பீப்பாய்களைத் தாங்கும் என்று எண்ணி வரி விதித்தார்கள். அந்தப் பீப்பாயின் பெயரே டன் ஆயிற்று. பிறகு நூறு கன அடி ஒரு டன் எனக் கொண்டனர். 1969ஆம் ஆண்டின் சர்வதேச ஒப்பந்தம் அதனையும் மாற்றி, கொள்ளளவிலிருந்து ஒரு சூத்திரத்தின்படி பெறும் வெறும் எண்ணாக ஆக்கியது. கப்பலின் உண்மையான எடை, அது விலக்கும் நீரின் எடைக்குச் சமம். ஆர்க்கிமிடீசின் விதியை ஒன்பதாம் வகுப்பில் கல்லைக் கயிற்றில் கட்டி நீரில் அமிழ்த்திக் காட்டியே முப்பது ஆண்டுகள் கற்பித்தவன் நான். 211 மீட்டர் நீளமுள்ள பதினொரு மாடிக் கட்டிடம் போன்ற ஒன்று ஏறக்குறைய ஏழு மீட்டர் மட்டுமே நீரில் ஆழ்ந்து நிற்பதைக் கண்டபோது, அந்தக் கல்லும் கயிறும் என் நினைவில் வந்து நின்றன.

இனி நான் முக்கியமாகக் கூற விரும்பும் செய்திக்கு வருகிறேன். அறைக்குச் சென்று பெட்டிகளை வைத்துச் சிறிது நேரத்தில் கப்பலின் சங்கு ஒலித்தது. குறுகிய ஒலி ஏழு, நீண்ட ஒலி ஒன்று. உலகெங்கும் கப்பல்களில் இதுவே அபாய அறிவிப்பு. இவ்வொலி கேட்டால் பயணிகள் அனைவரும் தமக்குக் குறித்த கூடுமிடத்திற்குச் செல்ல வேண்டும். லிப்டில் ஏறலாகாது, படிகளிலேயே இறங்க வேண்டும். மறந்த பொருளை எடுக்க அறைக்குத் திரும்பலாகாது. அன்று நடந்தது பயிற்சிதான். சுற்றிலும் முணுமுணுப்பு எழுந்தது. "விடுமுறைக்கு வந்த இடத்திலுமா டிரில்?" என்றார் ஒருவர். தேநீர்க் கோப்பையுடன் நின்ற சிலர் அசையவே இல்லை.

என் மகனோ ஒரு சொல்லும் பேசாமல், மகளின் கையைப் பற்றிக்கொண்டு, சுவரில் இருந்த பச்சை அம்புக்குறிகளைப் பார்த்தபடி நடக்கத் தொடங்கிவிட்டான். ஒரகடத்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் எவனுக்கும் இது பழக்கம். மணி அடித்தால் இயந்திரத்தை நிறுத்து, ஓடாதே, குறித்த திடலில் உன் குழுவோடு நில், தலை எண்ணப்படும்வரை நகராதே என்று அங்குப் பழக்குகிறார்கள். உயிர்காப்புச் சட்டையின் வாரை எவ்வாறு இறுக்குவது என்று பணியாளர் காட்டியபோது, அவன் தன் தாய்க்கும் அருகிலிருந்த இரண்டு முதியவர்களுக்கும் உதவினான். தலைகள் எண்ணப்பட்டன.

இந்தக் கால் மணி நேரப் பயிற்சி பெரிய விலை கொடுத்துப் பெற்றது. 1912 ஏப்ரலில் மூழ்கிய டைட்டானிக்கில் இரண்டாயிரத்து இருநூறுக்கு மேற்பட்டோர் இருந்தனர். உயிர்காப்புப் படகுகளிலோ 1,178 பேருக்கே இடமிருந்தது. ஆயிரத்து ஐந்நூறு உயிர்கள் போயின. அதன் விளைவாக 1914இல் கடலில் உயிர்களைக் காப்பதற்கான முதல் சர்வதேச ஒப்பந்தம் உருவாயிற்று. படகுகள் பெருகின. ஆயினும் படகு இருந்தால் மட்டும் போதுமா? 2012 ஜனவரி 13ஆம் நாள் இத்தாலியின் கிலியோ தீவருகே கோஸ்டா கன்கார்டியா என்னும் உல்லாசக் கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்தது. 32 பேர் மாண்டனர். அன்று மாலைதான் ஏறக்குறைய எழுநூறு பயணிகள் அக்கப்பலில் ஏறியிருந்தனர். அவர்களுக்கு இன்னும் பயிற்சி நடக்கவில்லை. புறப்பட்ட 24 மணி நேரத்திற்குள் பயிற்சி நடத்தினால் போதும் என்பதே அக்காலத்து விதி. கப்பல் மோதியதோ சில மணி நேரத்திலேயே! அதன் பிறகே, கப்பல் புறப்படுமுன் அல்லது புறப்பட்டவுடன் பயிற்சி நடந்தாக வேண்டும் என்று விதி திருத்தப்பெற்று, 2015 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது.

கரையிலும் நமக்கு இத்தகைய நினைவு உண்டு. 2004 ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் பற்றிய தீயில் 94 குழந்தைகள் மாண்டனர். அதன் பின்னர் நான் தலைமை ஆசிரியனாக இருந்த காலமெல்லாம், வகுப்பறையை விட்டு வரிசையாக வெளியேறும் பயிற்சியைப் பருவந்தோறும் நடத்திவந்தேன். பாடநேரம் வீணாகிறது என்று சொன்ன பெற்றோர் உண்டு. அவர்களுக்கு நான் சொன்ன விடை எப்போதும் ஒன்றே: "வீணாகவே போகட்டும்." உங்கள் பள்ளியில் அவசர வழி எங்குள்ளது, அதன் கதவு பூட்டியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்று நாளைக் காலையே பாருங்கள். பூட்டியிருந்தால் ஆசிரியரிடம் கேளுங்கள்.

இரவு கடல் சற்றுக் கொந்தளித்தது. என் மனைவிக்குத் தலை சுற்றி வாந்தி வரும்போல் ஆயிற்று. உட்செவியில் திரவம் நிறைந்த அரைவட்டக் குழாய்கள் மூன்று உள்ளன. உடல் அசைவதை அவை உணர்ந்து மூளைக்கு அறிவிக்கின்றன. மூடிய அறைக்குள் இருக்கும் கண்ணோ, சுவர் அசையவில்லை என்று அறிவிக்கிறது. இரு சாட்சிகளும் முரண்படவே வயிறு புரளுகிறது. கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் ஆட்டம் குறைவு. ஏற்றம் விளையாடும் பலகையின் நடுவில் உட்கார்ந்தவனுக்கு அசைவு குறைவதைப் போல என்று கொள்க. அறையைச் சுத்தம் செய்ய வந்த இளைஞர் ஒருவர், "அம்மா, நடுத்தளத்துக்கு வெளியே போய்த் தொடுவானத்தைப் பாருங்கள்" என்றார். பார்த்ததும் அரைமணியில் தேறிவிட்டது. இஞ்சி மரப்பாவும் சிறிது உதவியது என்பது என் மனைவியின் கட்சி.

தொடுவானம் எவ்வளவு தொலைவு? கண்ணின் உயரத்தை மீட்டரில் கொண்டு அதன் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் விடை வரும். மெரினாவில் நிற்பவனுக்கு நாலரைக் கிலோமீட்டர். இருபத்தைந்து மீட்டர் உயரத்து மேல்தளத்தில் நிற்பவனுக்குப் பதினெட்டு. பூமியின் சுற்றளவாகிய 40,000 கிலோமீட்டரை 360ஆலும் பின்னர் 60ஆலும் வகுத்துப் பாருங்கள்; 1.852 வரும். அதுவே கடல்மைல். கரையிலிருந்து பன்னிரண்டு கடல்மைல் வரை நம் நாட்டின் ஆள்நிலக் கடல். அதற்கும் முன்னரே பேத்தியின் கைப்பேசியில் அலைக்குறி மறைந்துவிட்டது. முதலில் முகம் வாடினாள், பின்பு என்னோடு நட்சத்திரம் எண்ண வந்தாள். கப்பலில் ஆடல் பாடலும் சூதாட்டக் கூடமும் உண்டு. அவற்றைப் பற்றிக் கூற என்னிடம் ஒன்றுமில்லை.

குழாயில் வந்த நீர் எங்கிருந்து வந்தது என்பதே என்னை அதிகம் கவர்ந்தது. இத்தகைய கப்பல்கள் கடல்நீரைக் காய்ச்சி வடித்தோ, நுண்துளைச் சவ்வின் வழியே அழுத்திச் செலுத்தியோ நன்னீராக்குகின்றன. மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் சென்னைக்காக நடப்பதும் இந்த இரண்டாம் முறையே. கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் எங்கள் ஊரார் போல் அல்லாமல், கப்பல் தன் நீரைத் தானே ஈட்டுகிறது. ஆனால் அதற்கு எரிபொருள் செலவாகிறது. கடல் நடுவிலும் நீர் இலவசம் அன்று. பிளாஸ்டிக் எதனையும் கடலில் எறியச் சர்வதேச விதி இடந்தருவதில்லை. ஆகவே பிளாஸ்டிக் குப்பை நம்மோடே கரைக்குத் திரும்பி வருகிறது.

அந்த இளைஞரோடு மறுநாள் சிறிது பேசினேன். தென்மாவட்டத்துக்காரர். பல மாதங்கள் கப்பலிலேயே இருந்துவிட்டு, ஒப்பந்தம் முடிந்தபின்தான் வீடு செல்வாராம். பயணிகளின் மாடியில் கண்ணாடியும் விளக்கும், பணியாளர் தளத்தில் சிறு அறையில் அடுக்குக் கட்டில். எங்கள் ஊரில் ஓர் அறையில் நான்கைந்து பேராகத் தங்கி, ஷிப்டு மாறி மாறி ஒரே பாயில் உறங்கும் ஒப்பந்தத் தொழிலாளிகளை நான் அறிவேன். கடலிலும் அதே வாழ்க்கைதான். மாலுமிகளின் உழைப்புக்கும் ஒரு சர்வதேச ஒப்பந்தம் 2006இல் உருவாகி, 2013இல் நடைமுறைக்கு வந்தது. நாளொன்றுக்குப் பத்து மணி நேரமாவது ஓய்வு தரவேண்டும் என்கிறது அது. இந்தியா 2015இல் அதனை ஏற்றது. பயிற்சியின்போது முணுமுணுத்தவர்களைப் பற்றி அவரிடம் கேட்டேன். "தீப்பிடித்தால் அவர்களைத் தேடிக்கொண்டு நாங்கள்தான் உள்ளே போகவேண்டும், ஐயா" என்றார்.

மூன்றாம் நாள் விடியற்காலை, சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே கப்பல் வேகத்தைக் குறைத்தது. ஒரு சிறு படகு பக்கத்தில் வந்து ஒட்டியது. அதிலிருந்த ஒருவர் கயிற்று ஏணியைப் பற்றிக் கப்பலில் ஏறினார். அவரே பைலட் எனப்படும் துறைமுக வழிகாட்டி. கப்பல் தலைவர் எத்துணை அனுபவம் உடையவராயினும், உள்ளூர் நீரோட்டமும் ஆழமும் அறிந்த இவர் துணையோடுதான் துறைக்குள் நுழைய வேண்டும். "இந்த வேலைக்கு என்ன படிக்க வேண்டும்?" என்றாள் பேத்தி. கப்பல் அதிகாரியாகிப் பல்லாண்டு கடலில் உழைத்தவர்களே இந்தப் பணிக்கு வருகிறார்கள். அந்தப் பாதையின் முதற்படி, பன்னிரண்டாம் வகுப்பில் பௌதிகம், இரசாயனம், கணிதம் ஆகியவற்றில் தேறுவது. 2008இல் நிறுவப்பெற்ற இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் தலைமையகம் சென்னையிலேயே, கிழக்குக் கடற்கரைச் சாலையருகே உள்ளது. அதன் நுழைவுத் தேர்வில் வெற்றி பெற்றால் கப்பலோட்டும் கலையில் மூன்றாண்டுப் பட்டப்படிப்புப் படிக்கலாம். பெண்களும் சேரலாம். கண்பார்வை கூர்மையாக இருக்க வேண்டும், நிறக்குருடு இருத்தலாகாது. ஏனெனில் நம் துறைமுகங்களுக்குள் நுழையும் கப்பலுக்கு இடப்பக்க எல்லையைச் சிவப்பு விளக்கும் வலப்பக்க எல்லையைப் பச்சை விளக்கும் காட்டுகின்றன. பைலட் கப்பலைத் திருப்பினார். பேத்தி கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு, எந்தப் பக்கம் எந்த நிறம் என்று உரக்கச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.