மாத்திரை வீடு தேடி வருது... மூச்சு? - கெலமங்கலம் பக்கத்து நுரையீரல் நோயாளிகள் ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்க வேண்டியவை!

கார்த்திகை பிறந்துவிட்டால் கெலமங்கலம், தேன்கனிக்கோட்டை, தளி பக்கமெல்லாம் காலையில் பனி விலகவே நேரமாகும். ஓசூர்க் குளிரை ரசிக்க வெளியூரிலிருந்து வண்டி எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. இங்கேயே வாழும் சிலருக்கோ வருடத்தின் மோசமான மாதங்கள் இவைதான். இரவெல்லாம் இருமல். படுத்தால் திணறல். கொல்லைப்புறம் வரை நடக்கவே நடுவில் ஒருமுறை நிற்க வேண்டும். 'பனி ஒத்துக்கல', 'வயசாயிடுச்சு', 'வீசிங்' என்று ஏதாவது ஒரு பெயரைச் சொல்லி, ஊசி போட்டு, நெபுலைசரில் புகை பிடித்துவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறார்கள். அடுத்த மாதம் மறுபடியும் அதே ஊசி, அதே புகை.

இவர்களில் பலருக்கு இருக்கக்கூடியது சி.ஓ.பி.டி. எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். மூச்சுக்குழாய்கள் சுருங்கி, நுரையீரலின் காற்றறைகள் சிதைந்து, உள்ளே போன காற்று முழுதாக வெளியே வர முடியாமல் தேங்கிவிடும். முழுதாகக் குணமாக்க மருந்து இல்லை. ஆனால் கட்டுப்படுத்த நிறைய வழி இருக்கிறது. 2016-ல் இந்தியாவில் இந்த நோயோடு வாழ்ந்தவர்கள் சுமார் 5.5 கோடி பேர் என்றது லான்செட் குழுமத்தின் மருத்துவ இதழில் வெளியான கணக்கு. 1990-ல் இது 2.8 கோடி. உலக அளவில் 2021-ல் மட்டும் சுமார் 35 லட்சம் பேர் இறந்தார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பீடி, சிகரெட் பிடிக்கிறவர்களுக்குத்தானே இது வரும் என்று நினைத்தால், களி கிண்டும் அடுப்படியை ஒருமுறை எட்டிப் பார்க்க வேண்டும். கேழ்வரகுக் களிக்கு இந்த வட்டாரத்தில் இன்றும் விறகடுப்புதான் ருசி என்பார்கள். ஜன்னல் இல்லாத சமையலறையில் முப்பது, நாற்பது வருடம் அந்தப் புகையைச் சுவாசித்த பெண்கள் ஒரு பீடியைக்கூடத் தொட்டிருக்க மாட்டார்கள். 2016-ல் உஜ்வாலா திட்டம் வந்து பல வீடுகளுக்கு கேஸ் இணைப்பு கிடைத்தது. ஆனால், பழைய புகை விட்டுச்சென்ற சேதத்தை எந்த சிலிண்டரும் திருப்பித் தராது.

அடுத்து, கல். கிருஷ்ணகிரி மாவட்டத்து கிரானைட்டுக்குப் பெயர் இருக்கிறது. குவாரியிலும் கிரஷரிலும் பறக்கும் சிலிக்கா தூசுக்குப் பெயர் தெரியாது. அது நுரையீரலில் தழும்பை உண்டாக்கினால் சிலிக்கோசிஸ். அதே தூசு சி.ஓ.பி.டி-யையும் கொண்டுவரும், காசநோய்க்கும் கதவைத் திறந்துவிடும். காசநோய் முழுதாகக் குணமான பிறகும் மூச்சுத்திணறல் நிற்காதவர்கள் இருக்கிறார்கள். 'டி.பி. திரும்ப வந்திருக்குமோ' என்று அவர்கள் பயந்துகொண்டே இருக்க, உண்மையில் அது டி.பி. விட்டுப்போன தழும்பாக இருக்கலாம்.

ஊதிப் பார்த்தாங்களா?

எக்ஸ்ரே எடுத்தாயிற்று, சளி கொடுத்தாயிற்று. ஆனால் ஊதிப் பார்த்தார்களா? ஸ்பைரோமெட்ரி என்ற அந்தச் சோதனையில் ஊசி இல்லை, வலி இல்லை. மூச்சை முழுதாக இழுத்து, ஒரு குழாய்க்குள் பலமாக, முடிகிற வரை ஊத வேண்டும். முதல் ஒரு விநாடியில் வெளியே வரும் காற்று, மொத்தக் காற்றில் 70 சதவிகிதத்துக்கும் கீழே இருந்து, மருந்து கொடுத்து மறுபடி ஊதியும் ஏறவில்லை என்றால் அடைப்பு உறுதி. பி.பி-க்குக் கை நீட்டுவதும், சுகருக்கு விரல் நீட்டுவதும் பழகிவிட்ட ஊரில், ஊதிப் பார்ப்பது மட்டும் இன்னும் பழகவில்லை. கெலமங்கலம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதற்கு எங்கே போக வேண்டும் என்று கேட்டு, தேன்கனிக்கோட்டை அல்லது ஓசூர் அரசு மருத்துவமனைக்குச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம். இன்னும் பெரிய பரிசோதனை, ஐ.சி.யூ. என்றால் போலுப்பள்ளியில் இருக்கும் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. இது 2022 ஜனவரியில் தொடங்கிவைக்கப்பட்டது.

இங்கே ஒரு விஷயம். 2021 ஆகஸ்ட் 5 அன்று 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை முதல்வர் மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்தது இதே மாவட்டத்தின் சாமனப்பள்ளி கிராமத்தில்தான். 2024-ல் ஐ.நா. விருது வரை போன திட்டம் இது. பி.பி., சுகர் மாத்திரை, பிசியோதெரபி, வலிநிவாரணப் பராமரிப்பு, சிறுநீரக நோயாளிகளுக்கு டயாலிசிஸ் பை... தொடக்கப் பட்டியல் இதுதான். நாள்பட்ட நுரையீரல் நோய் தன் பெயரோடு அதில் இல்லை. மத்திய அரசும் தன்னுடைய தொற்றாநோய்த் திட்டத்தின் பெயரை மாற்றி சி.ஓ.பி.டி., ஆஸ்துமாவை உள்ளே சேர்த்தது 2023-ல்தான். அதற்காக நுரையீரல் நோயாளிகள் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. பட்டியலில் இருக்கும் பிசியோதெரபியும் வலிநிவாரணப் பராமரிப்பும் அவர்களுக்கு நேரடியாகத் தேவைப்படுபவை. உதட்டைக் குவித்து மெதுவாக மூச்சு விடுவது, கை கால்களுக்கு வலு சேர்ப்பது, தினமும் கொஞ்சம் கூடுதலாக நடப்பது எல்லாம் சேர்ந்ததுதான் நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி. ஆறிலிருந்து எட்டு வாரம் ஒழுங்காகச் செய்தால் திணறல் குறையும், நடக்கும் தூரம் கூடும். வீட்டுக்கு வரும் சுகாதாரத் தன்னார்வலரிடம் 'சுகர் இல்லைம்மா' என்று சொல்லி அனுப்பிவிடாமல், மூச்சுத் தொந்தரவையும் சொல்லிவைக்க வேண்டும்.

'பம்ப் வெச்சா பழகிடும்'

இந்த ஒரு வாக்கியம் செய்திருக்கும் கெடுதல் கொஞ்சநஞ்சமல்ல. சால்பியூட்டமால் மாத்திரை ஒன்று 4 மில்லிகிராம். அதே மருந்து பம்ப்பில் ஒரு அழுத்துக்கு 100 மைக்ரோகிராம். அதாவது ஒரு மாத்திரையில் இருப்பது 40 அழுத்து மருந்து! மாத்திரை ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் சுற்ற, கை நடுக்கமும் படபடப்பும் வருகின்றன. பம்ப் மருந்து போக வேண்டிய இடத்துக்கு நேராகப் போகிறது. போக வேண்டும் என்றால் சரியாக இழுக்கத் தெரிய வேண்டும். பிரச்னையே அங்கேதான். அழுத்தும் நேரமும் இழுக்கும் நேரமும் ஒத்துவராமல் மருந்து நாக்கிலேயே நின்றுவிடுகிறது. மெஷினில் போட்டு இழுக்க வேண்டிய கேப்சூலை மாத்திரை என்று நினைத்துத் தண்ணீரோடு விழுங்கியவர்களும் உண்டு. ஸ்பேசர் என்ற குடுவையை பம்ப்போடு சேர்த்தால் முதியவர்களுக்கும் பாதிப் பிரச்னை தீரும். ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலர் என்றால் இழுத்த பிறகு வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். ஒவ்வொரு முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் பம்ப்பைக் கையோடு கொண்டுபோய், நர்ஸ் முன்னால் இழுத்துக் காட்டுவது நல்லது. கூட்டத்தில் சங்கடமாக இருந்தாலும் பரவாயில்லை.

95 எல்லோருக்கும் இல்லை

கொரோனா காலம் நம் எல்லோரையும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் பார்க்கப் பழக்கிவிட்டது. 94-க்குக் கீழே போனால் ஓட வேண்டும் என்று மனப்பாடம். சி.ஓ.பி.டி. நோயாளிகளுக்குக் கணக்கு வேறு. திணறல் முற்றி ஆக்ஸிஜன் வைக்கும்போது மருத்துவர்கள் பொதுவாகக் குறி வைப்பது 88 முதல் 92 வரை. அதற்கு மேல் ஏற்றினால் கார்பன்-டை-ஆக்ஸைடு ரத்தத்தில் தேங்கி, நோயாளி மயக்கத்துக்குப் போகலாம். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் 405 பேரிடம் ஆம்புலன்ஸிலேயே இதைச் சோதித்து 2010-ல் முடிவை வெளியிட்டார்கள். அதிக வேகத்தில் ஆக்ஸிஜன் பெற்றவர்களில் 9 சதவிகிதம் பேர் இறந்தார்கள். அளந்து கொடுக்கப்பட்டவர்களில் 4 சதவிகிதம். '108'-ல் ஏறியதுமே 'சி.ஓ.பி.டி. பேஷன்ட்' என்று சொல்ல வேண்டியதும், வார்டில் 'இன்னும் கொஞ்சம் கூட்டி வைப்போமே' என்று உறவினர்கள் திருகைத் தொடக்கூடாததும் இதனால்தான். நிலைமை மோசமானால் முகத்தில் மாஸ்க் கட்டி பைபாப் கருவியில் வைப்பார்கள். பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால், பலருக்கு வென்டிலேட்டர் குழாய் போடாமல் காப்பாற்றுவதே அதுதான்.

வீட்டில் ஆக்ஸிஜன் எல்லோருக்கும் தேவைப்படாது. நோய் சீராக இருக்கும் நாளிலும் அளவு 88-க்கோ அதற்குக் கீழோ இருப்பவர்களுக்குத்தான் மருத்துவர் அதை யோசிப்பார். 1981-ல் பிரிட்டனில் வந்த ஆய்வில், ஆக்ஸிஜன் இல்லாத 45 பேரில் 30 பேர் ஐந்து ஆண்டுகளுக்குள் இறந்தார்கள். தினமும் குறைந்தது 15 மணி நேரம் எடுத்த 42 பேரில் 19 பேர். திணறும்போது மட்டும் பத்து நிமிடம் வைத்துக்கொள்வதில் அந்தப் பலன் கிடைக்காது. தூங்கும் நேரத்தையும் சேர்த்தால்தான் 15 மணி நேரம் எட்டும்.

கர்நாடக எல்லை பக்கத்திலேயே இருப்பதால் பெங்களூரு போகிறவர்களும் நிறைய. ஓசூர் சாலை போய்ச் சேரும் பக்கத்திலேயே ராஜீவ் காந்தி நெஞ்சக நோய் மருத்துவமனை இருக்கிறது. கிளம்பும் முன்பு முதல்வர் காப்பீட்டு அட்டையை அங்கே ஏற்பார்களா என்று கேட்டுவிடுவது நல்லது. பழைய எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சம்மரி, டி.பி. சிகிச்சைச் சீட்டு எல்லாம் பையில் இருக்கட்டும். தொழிற்சாலைப் பணியாளர் என்றால் ஓசூரில் இ.எஸ்.ஐ. மருத்துவமனை உண்டு. குவாரியில் எத்தனை வருடம், என்ன வேலை என்பதை மருத்துவரிடம் சொல்லிக் கேஸ் ஷீட்டில் எழுதவைக்க வேண்டும். சிலிக்கோசிஸ் தொழில்சார் நோய் என்பதால், பிறகு நிவாரணம் கேட்கும்போது அந்த ஒரு வரிதான் பேசும்.

டிஸ்சார்ஜ் நாளன்று எல்லோருக்கும் பஸ் அவசரம். அந்த அவசரத்திலும் நாலு கேள்வி கேட்டுவிட்டு வரலாம். தினமும் எடுக்கும் பம்ப் எது, திணறினால் எடுக்கும் பம்ப் எது? தீர்ந்தால் எங்கே கிடைக்கும்? ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசி எப்போது? சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் எத்தனை நாள் பொறுக்கலாம்? வீட்டுக்கு ஆக்ஸிஜன் எழுதிக்கொடுத்திருந்தால் ஐந்தாவதாக ஒன்று: கான்சென்ட்ரேட்டர் கரன்ட்டில் ஓடுவது. கரன்ட் போகும் நேரத்துக்கு ஒரு சிலிண்டர் தயாராக வேண்டும். அது இருக்கும் அறையில் பீடியும் கூடாது, விறகடுப்பும் கூடாது.