தயங்கிப் போட்ட கையொப்பம்

மலேசியக் கூட்டரசிலிருந்து சிங்கப்பூர் விலகித் தனி நாடாவதற்கு இரு அரசுகளும் உடன்பட்டதைப் பதிவு செய்த சட்ட ஆவணம், 1965 ஆகஸ்ட் 7ஆம் தேதியிட்ட சிங்கப்பூர்ச் சுதந்திர ஒப்பந்தம் ஆகும். அதில் மலேசியாவின் சார்பில் ஐவரும் சிங்கப்பூரின் சார்பில் பதின்மரும் கையொப்பமிட்டனர். இரு தரப்பிலும் தலா ஒரு தமிழர் இருந்தார் என்பது தமிழ் வாசகர் பலரும் கவனிக்காத செய்தி. மலேசியத் தரப்பில் ஒப்பமிட்டவர், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் பிறந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற, மலேசிய இந்தியக் காங்கிரஸ் (ம.இ.கா.) தலைவர் வீ. தி. சம்பந்தன். சிங்கப்பூர்த் தரப்பில் ஒப்பமிட்டவர், அன்றைய கலாசார அமைச்சர் எஸ். ராஜரத்தினம்.

துணிச்சலான கையொப்பம் என்றதும் உலகம் நினைவுகூர்வது, 1776ஆம் ஆண்டின் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் நடுநாயகமாக விரிந்து நிற்கும் ஜான் ஹான்காக்கின் பெயரைத்தான். பிரிட்டிஷ் மன்னர் மூக்குக்கண்ணாடி இல்லாமலே படிக்கட்டும் என்று கூறி அவர் அவ்வளவு பெரிதாக எழுதினார் என்னும் கதைக்குச் சமகாலச் சான்று எதுவுமில்லை. பிரகடனத்தை வெளியிட்ட மாநாட்டின் தலைவர் என்ற முறையில் முதலில் ஒப்பமிட்ட அவருக்கு முன்னால் தாள் முழுவதும் வெறுமையாக இருந்தது என்பதே நம்பத்தக்க விளக்கம். ராஜரத்தினத்தின் கையொப்பத்துக்கு இப்படியொரு புனைகதை தேவைப்படவில்லை, ஏனெனில் அதன் உண்மை வரலாறே கனமானது.

1915இல் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்து, கைக்குழந்தையாகவே மலாயாவுக்குக் கொண்டுவரப்பட்டுச் சிரம்பானில் வளர்ந்த அவருக்குத் தீபகற்பமும் தீவும் ஒரே மண்ணாகவே இருந்தன. லண்டனில் சட்டம் படிக்கச் சென்று, எழுத்தாளராகி, பின்னர் சிங்கப்பூரில் பத்திரிகையாளராகப் பெயர் பெற்ற அவர், 1954இல் மக்கள் செயல் கட்சியை நிறுவியவர்களுள் ஒருவர். 1959 முதல் 1988 வரை அவர் சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் பிரதிநிதித்துவம் செய்த கம்போங் கிளாம், சிராங்கூன் சாலையையும் லிட்டில் இந்தியாவையும் அடுத்து அமைந்த, மலாய் முஸ்லிம் மரபு செழித்த வட்டாரம். பிறப்பாலோ சமயத்தாலோ தம்மைச் சாராத மக்களின் வாக்கைப் பெற்று அங்கே அவர் நிலைத்ததே இன வேறுபாடு பாராத அவருடைய கொள்கைக்குத் தக்க சான்று. 1963 செப்டம்பர் 16 அன்று மலேசியா உருவான பின்னர், எல்லா இனத்தவரும் சம உரிமையுடன் வாழும் நாடாக அது அமைய வேண்டும் என்னும் ‘மலேசியர் மலேசியா’ முழக்கத்தை முன்னின்று பரப்பியவர்களுள் அவரும் ஒருவர்.

சிங்கப்பூரில் 1964இல் நடந்த இனக் கலவரங்களும் இரு அரசுகளின் பூசலும் முற்றிய நிலையில், சிங்கப்பூரின் நிதி அமைச்சர் கோ கெங் சுவீயும் சட்ட அமைச்சர் எட்டி பார்க்கரும் மலேசியத் துணைப் பிரதமர் துன் அப்துல் ரசாக்குடன் இரகசியமாகப் பேசிப் பிரிவினைக்கு வழி வகுத்தனர். ஆகஸ்ட் 7 அன்று கோலாலம்பூருக்கு அழைக்கப்பட்ட ராஜரத்தினமும் சிங்கப்பூர்த் துணைப் பிரதமர் தோ சின் சாயும், ஆவணம் முன்னால் வைக்கப்பட்டபோது ஒப்பமிட மறுத்தனர். மலேசியாவிலேயே இருந்து போராட வேண்டும் என்பது அவர்களின் நிலை. தீபகற்பத்தில் தங்களை நம்பிய ஆதரவாளர்களைக் கைவிடுவதாகவே பிரிவினை அவர்களுக்குப் பட்டது. சிங்கப்பூர்ப் பிரதமர் லீ குவான் இயூவின் வேண்டுகோளும் போதாமல், இனி வேறு வழியில்லை என்பதை உறுதிப்படுத்தி மலேசியப் பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் தோவுக்கு எழுதிய கடிதம் வந்து சேர்ந்த பின்னரே இருவரும் ஒப்பமிட்டனர்.

இந்தத் தயக்கத்தைக் கோழைத்தனம் என்று எண்ணுவது பெருந்தவறு. தாம் நம்பிய ஒன்று தோற்றதைத் தம் பெயராலேயே உறுதிசெய்ய வேண்டிய நிலையில், இரத்தக்களரியைத் தவிர்ப்பதற்காக இணங்கியவரின் துணிவு, பெரிதாக எழுதியவரின் துணிவுக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று. ஆயினும் கையொப்பம் மட்டுமே நாட்டைப் பிரித்துவிடவில்லை: ஆகஸ்ட் 9 அன்று மலேசிய மக்களவை எதிர்வாக்கு ஒன்றுமின்றி 126 வாக்குகளால் அரசமைப்புத் திருத்தத்தை நிறைவேற்றியது, லீ ஒப்பமிட்ட சுதந்திரப் பிரகடனம் அன்று காலை 10 மணிக்குச் சிங்கப்பூர் வானொலியில் ஒலித்தது.

தோற்ற கொள்கையை ராஜரத்தினம் அத்துடன் விட்டுவிடவுமில்லை. இனம், மொழி, சமயம் ஆகிய வேறுபாடுகளைக் கடந்த ஒற்றுமையைப் பேசும் தேசிய உறுதிமொழியின் மூல வரைவை 1966இல் அவரே எழுதினார். இன்றும் சிங்கப்பூர்ப் பள்ளிப் பிள்ளைகள் சொல்லும் உறுதிமொழி அதிலிருந்து உருவானதுதான். முதல் வெளியுறவு அமைச்சரான அவர், 1967 ஆகஸ்ட் 8 அன்று பாங்காக்கில், தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானைத் தோற்றுவித்த பிரகடனத்தில் ஒப்பமிட்டார். பிரிவினை ஒப்பந்தத்தின் தேதியிலிருந்து இரண்டு ஆண்டுகளும் ஒரு நாளும் கழிந்திருந்த அன்று, அதே தாளில் மலேசியாவுக்காக ஒப்பமிட்டவர் துன் அப்துல் ரசாக்.