மொடக்குறிச்சியும் ஓர் அம்மையாரும்

அவிநாசிபாளையத்திலிருந்து காங்கயம், அறச்சலூர் வழியாக ஈரோடு செல்லும் மாணவர்கள் மொடக்குறிச்சித் தொகுதியைக் கடந்தே செல்வார்கள். கீழ்பவானி வாய்க்காலின் நீரை நம்பி மஞ்சளும் நெல்லும் விளையும் பகுதி அது. தேர்தல் வரலாற்றில் அத்தொகுதிக்குத் தனியிடம் உண்டு. அதனை அறிந்துகொள்ளத் திருமதி சுப்புலட்சுமி ஜெகதீசன் அவர்களின் பொதுவாழ்வு நமக்கு நல்ல வழிகாட்டியாகும்.

1977-ஆம் ஆண்டுத் தேர்தலில் அ.இ.அ.தி.மு.க. வேட்பாளராக மொடக்குறிச்சியில் வென்று, எம்.ஜி.ஆர். அமைச்சரவையில் அவர் இடம்பெற்றார். பின்னர் தி.மு.க.வில் சேர்ந்தார், 1989-இல் ஈரோட்டில் வென்று சமூக நலத்துறை அமைச்சரானார். இன்று தமிழ்நாட்டின் உள்ளாட்சி மன்றங்களில் பாதி இடங்கள், 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பெண்களுக்கு உரியவை. சட்டமன்றத்திலோ அந்நாளில் அத்தகைய ஒதுக்கீடு எதுவும் இல்லை. ஆடவரோடு போட்டியிட்டே அவர் அவ்விடத்தைப் பெற்றார் என்பதை மறத்தல் ஆகாது.

1996-இல் அவர் மீண்டும் மொடக்குறிச்சிக்கு வந்தபோது, களத்தில் நின்ற வேட்பாளர்கள் 1,033 பேர்! தங்கள் குறைகளைக் கேட்பார் இல்லையே என்று மனம் நொந்த உழவர்கள், வேட்புமனுவையே ஒரு விண்ணப்பமாக்கிக்கொண்டனர். முன்வைப்புத் தொகை அப்போது 250 ரூபாய்தான். அத்தனை பெயர்களும் ஒரு தாளில் அடங்குமா? வாக்குச் சீட்டு வாக்குப் புத்தகமாயிற்று. தேர்தலும் ஒரு மாதம் தள்ளிப்போயிற்று. எழுத்தறியாத மூதாட்டி ஒருவர் மறைவிடத்தில் நின்று, தமக்குத் தெரிந்த சின்னத்தைத் தேடிப் பக்கம் பக்கமாகப் புரட்டும் காட்சியைச் சற்றே எண்ணிப் பாருங்கள்! வாக்குகளை எண்ணி முடித்தபோது அம்மையார் வென்றிருந்தார். 88 வேட்பாளர்களுக்கு ஒரு வாக்குகூட விழவில்லை.

அதே ஆண்டில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. சட்டமன்ற வேட்பாளரின் முன்வைப்புத் தொகை 5,000 ரூபாய் ஆயிற்று. சுயேச்சையாக நிற்பவரைப் பத்து வாக்காளர்கள் முன்மொழிய வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. தேர்தல் ஒழுங்காக நடைபெற இவ்வேற்பாடு தேவையே. ஆயினும், உழவர்கள் எழுப்பிய வினாவுக்கு இது விடையாகுமா? ஆகாது என்றே நான் கருதுகிறேன். அவர்கள் கேட்டது வேட்பாளர் பட்டியலைப் பற்றியன்று.

2004-இல் அம்மையார் திருச்செங்கோட்டிலிருந்து மக்களவைக்குச் சென்று, சமூக நீதித் துறையில் ஒன்றிய இணையமைச்சராக 2009 வரை பணியாற்றினார். 2021-இல் மறுபடியும் மொடக்குறிச்சி. இம்முறை எதிர்த்து நின்று வென்றவரும் ஒரு பெண்மணியே. பாரதிய ஜனதா கட்சியைச் சேர்ந்த மருத்துவர் சரஸ்வதி. அம்மையார் இழந்த வாக்கு வேறுபாடு 281. ஒரு வாக்குச்சாவடியின் வாயிலில், காலை வேளையில் சில மணி நேரத்துக்குள் வந்துபோகும் மக்களின் தொகை அது.