பெரம்பலூர், அரியலூரில் பியூட்டி பார்லர் தொடங்க எவ்வளவு செலவாகும்? கடன், மானியம், மாத வருமானம்... முழு கணக்கு இதோ!

பியூட்டீஷியன் கோர்ஸ் முடிச்சாச்சு, அடுத்து சொந்தமா ஒரு பார்லர் போடணும் என்பது பல பெண்களின் திட்டம். நகையை அடகு வைத்தாவது தொடங்கிவிடலாம் என்றும் சிலர் நினைக்கிறார்கள். அதற்கு முன் ஒரு பேப்பரில் கணக்கு போட்டுப் பார்ப்பது அவசியம். கடை திறப்பதற்கான பணம் மட்டும் கையில் இருந்தால் போதாது. வாடிக்கையாளர் பழகும் வரை கடையை நடத்தவும் பணம் வேண்டும்.

இடம் எங்கே?

பெரம்பலூர் நகரில் கல்லூரி மாணவிகள், அலுவலகம் செல்லும் பெண்கள் அதிகம். த்ரெடிங், ஹேர்கட், ஃபேஷியலுக்கு வாரம் முழுக்க ஆள் வரும். ஆனால் வாடகையும் போட்டியும் கூடுதல். ஜெயங்கொண்டம், செந்துறை, குன்னம், வேப்பந்தட்டை போன்ற ஊர்களில் வாடகை குறைவு. அங்கே முகூர்த்த நாட்களில் மணப்பெண் அலங்காரமும் விசேஷ மேக்கப்பும்தான் முக்கிய வருமானம். சின்ன வெங்காயம், மக்காச்சோளம், முந்திரி என விவசாயத்தை நம்பியிருக்கும் பகுதி என்பதால், அறுவடை நேரத்தில் இருக்கும் பணப்புழக்கம் மற்ற மாதங்களில் இருக்காது. ஆடி, மார்கழி மாதங்களில் கல்யாணம் கிடையாது என்பதையும் சேர்த்தே திட்டமிடுங்க.

முதலீடு எவ்வளவு?

சுமார் 200 சதுர அடி கடை, உரிமையாளரும் ஒரு உதவியாளரும் வேலை பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இது மாதிரிக் கணக்குதான். உங்க ஊர் வாடகையையும் பொருட்களின் விலையையும் விசாரித்து மாற்றிக்கோங்க.

• கடை அட்வான்ஸ்: ரூ.50,000
• உள் அலங்காரம், வயரிங், தண்ணீர் குழாய் வேலை: ரூ.90,000
• நாற்காலி, கண்ணாடி, ஃபேஷியல் பெட், ஹேர்வாஷ் பேசின்: ரூ.70,000
• ஸ்டீமர், டிரையர், ஸ்ட்ரெய்ட்னர், வாக்ஸ் ஹீட்டர், ஸ்டெரிலைசர்: ரூ.30,000
• ஏசி, இன்வெர்ட்டர்: ரூ.60,000
• முதல் தவணை அழகு சாதனப் பொருட்கள்: ரூ.30,000
• போர்டு, உரிமம், இதர செலவு: ரூ.20,000

மொத்தம் ரூ.3,50,000. பலர் கணக்கை இதோடு நிறுத்திவிடுகிறார்கள். 3 மாத நடைமுறைச் செலவுக்கான ரூ.90,000-ஐ தனியாக எடுத்து வைக்கணும். ஆக, தேவை ரூ.4,40,000.

மாதச் செலவு என்ன?

வாடகை ரூ.8,000, உதவியாளர் சம்பளம் ரூ.10,000, மின்கட்டணம் ரூ.3,000, போன், துணி துவைப்பது, விளம்பரம் போன்றவை ரூ.2,300. மொத்தத் தேவையில் ரூ.3 லட்சம் மட்டும் கடன், மீதி கைக்காசு என்று வைத்துக்கொண்டால், 12 சதவீத வட்டியில் 5 வருடத்துக்கு மாதத் தவணை சுமார் ரூ.6,700. கூட்டினால் ரூ.30,000.

எவ்வளவு வந்தால் லாபம்?

வரும் பணத்தில் 25 சதவீதம் கிரீம், வாக்ஸ், கலர் போன்ற பொருட்களுக்கே போய்விடும் என்று வைத்தால், நஷ்டமில்லாமல் நடத்தவே மாதம் ரூ.40,000 வசூலாகணும். உங்களுக்கு ரூ.15,000 சம்பளம் எடுக்கணும் என்றால் ரூ.60,000 தேவை.

ஒருவர் சராசரியாக ரூ.250-க்கு பில் போட்டால், ரூ.60,000-க்கு மாதம் 240 பேர் வரணும். 26 நாள் வேலை என்றால் தினமும் 9 முதல் 10 பேர். வெறும் த்ரெடிங்கை நம்பி சராசரி பில் ரூ.100 ஆகிவிட்டால், தினமும் 23 பேர் வரணும். புதுக்கடைக்கு இது ரொம்பவே கஷ்டம். அதனால் ஃபேஷியல், ஹேர் கேர், மணப்பெண் மேக்கப் தெரிந்திருப்பது கட்டாயம்.

கடன், மானியம் கிடைக்குமா?

முத்ரா திட்டத்தில் பிணையம் இல்லாமல் கடன் பெறலாம். ரூ.50,000 வரை சிசு, ரூ.5 லட்சம் வரை கிஷோர், ரூ.10 லட்சம் வரை தருண் பிரிவு. இதில் மானியம் கிடையாது.

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் பெண்களுக்கு கிராமப்புறத்தில் 35 சதவீதம், நகர்ப்புறத்தில் 25 சதவீதம் மானியம். வங்கி ஏற்கும் திட்ட மதிப்பு ரூ.4 லட்சம் என்றால், ஊராட்சிப் பகுதியில் ரூ.1,40,000, நகரத்தில் ரூ.1,00,000. சொந்தப் பங்கு 5 சதவீதம் போதும். ஆனால் இரண்டு விஷயங்களை மறக்காதீங்க. ஏற்கெனவே நடக்கும் கடைக்கு புதுத் தொழில் மானியம் கிடையாது, எனவே திறப்பதற்கு முன்பே விண்ணப்பிக்கணும். அடுத்து, மானியம் உங்க கைக்கு வராது. 3 ஆண்டுகள் வங்கியில் வைப்பாக இருந்து, பிறகு கடனில் கழிக்கப்படும். தமிழக அரசின் வேலையற்ற இளைஞர்களுக்கான திட்டத்திலும் 25 சதவீத மானியம் உண்டு. தற்போதைய நிலவரத்தை உங்க மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க.

உரிமம், ஜிஎஸ்டி தேவையா?

நகராட்சிப் பகுதியில் தொழில் உரிமம் பெறணும். உத்யம் பதிவு இலவசம், ஆதார், பான் போதும். கடைக்கு வணிக மின் இணைப்பு வேண்டும். வீட்டு இணைப்புக்கான 100 யூனிட் இலவசம் இதற்குப் பொருந்தாது. ஆண்டு வருமானம் ரூ.20 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். மாதம் ரூ.60,000 என்றால் ஆண்டுக்கு ரூ.7.2 லட்சம்தான், கவலை வேண்டாம். பதிவு செய்தவர்களுக்கும் சலூன் சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டுள்ளது. ஆனால் உள்ளீட்டு வரியைத் திரும்பப் பெற முடியாது.

செலவைக் குறைக்க என்ன வழி?

ஏசி, ஹேர்வாஷ் பேசின் போன்றவற்றை நல்ல நிலையில் உள்ள பழைய பொருளாக வாங்கலாம். காலாவதி ஆகும் கிரீம்களை மொத்தமாக வாங்கிக் குவிக்க வேண்டாம். கிராமப்புற சுய வேலைவாய்ப்பு பயிற்சி மையங்களில் அழகுக்கலைப் பயிற்சி இலவசம். கடை போடும் முன் 2, 3 முகூர்த்த சீசனுக்கு வீடு தேடிப் போய் மேக்கப் செய்து பாருங்க. எத்தனை பேர் திரும்பக் கூப்பிடுகிறார்கள் என்று எழுதி வையுங்க. அந்த எண்ணிக்கை, தினமும் 10 பேர் என்ற கணக்குக்குப் பக்கத்தில் வரும்போது அட்வான்ஸ் கொடுக்கலாம்.